குத்தாத ஊசியா, மேலோட்டமாகக் குத்தும் ஊசியா, ஊசியே வேண்டாமா? அக்குபஞ்சர் ஆய்வுக்கு ஏற்ற கண்ட்ரோலைத் தேர்ந்தெடுப்பது

சினாப்சிஸ், அதாவது படிப்புக்கான ஆய்வுத் திட்டச் சுருக்கம், கொடுக்க வேண்டிய நாள் நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். “அண்ணா, அக்குபஞ்சர் ஸ்டடி பண்றேன். கண்ட்ரோல் குரூப்புக்கு என்ன வைக்கலாம்?” சோதிக்கும் சிகிச்சையை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் கேள்வி. பெங்களூரில் இயற்கை மருத்துவமும் பிசியோதெரபியும் படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். நான் ஊசி குத்துபவன் அல்ல, புள்ளியியல் பார்ப்பவன். போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். மூவரின் கேள்வியும் ஒன்று, ஆனால் மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் சறுக்கிய கதை. சில வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு கிளினிக்கில் மூட்டுவலி ஆய்வு ஒன்றுக்கு நான்தான் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு நிஜ ஊசி, இன்னொரு குழுவுக்குத் தோலைத் துளைக்காத ஊசி. குலுக்கல், ஒட்டி மூடிய உறைக்குள் சீட்டு என்று எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு நாள் காலையில் அங்கே போனபோது அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அல்சூர்க்காரர், இன்னொருவர் முருகேஷ்பாளையா.

“உங்களுக்கு ஊசி போட்டதும் விண்ணுனு இழுத்துச்சா?”

“இல்லையே, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல.”

“எனக்குக் கால் விரல் வரைக்கும் மதமதனு போச்சு. அப்போ உங்களுக்கு வேற ஏதோ பண்றாங்க.”

அந்த ஒரு பேச்சில் எங்கள் பிளைண்டிங், அதாவது யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பது, போய்விட்டது. அப்புறம் கேட்டுப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் தாங்கள் எந்தக் குழு என்று சரியாகவே சொன்னார்கள். அவர்கள் மூட்டுவலியோடு பஸ் ஏறி வந்து கொடுத்த நேரத்தை நான் வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

மாத்திரை ஆய்வென்றால் வேலை சுலபம். அதே நிறம், அதே அளவு, அதே கசப்பு, உள்ளே மருந்து மட்டும் இல்லை. மருந்துப்போலி என்று தமிழில் சொல்வது அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அக்குபஞ்சரில் எது மருந்து? ஊசியா, குத்தும் இடமா, ஆழமா, திருகுவதா, நாடி பார்த்துப் பேசும் பதினைந்து நிமிடமா? இதை முடிவு செய்யாமல் எதை எடுத்துவிட்டு எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல முடியாது. அதனால் சினாப்சிஸில் கண்ட்ரோல் பற்றி எழுதும் முன் ஒரு வரி எழுதச் சொல்வேன்: “இந்த ஆய்வில் வேலை செய்வதாக நான் நினைக்கும் பொருள் இது.” அந்த வரி இருந்தால் மற்ற அளவுகோல்களைத் தானாகவே வரிசைப்படுத்திவிடலாம்.

நோயாளி நம்ப வேண்டும். நம் ஊரில் ஊசிக்கு இருக்கும் மரியாதை தனி. வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிய டாக்டரை விட, ஒரு ஊசி போட்டு அனுப்பிய டாக்டரிடம்தான் எங்கள் பாட்டிக்குத் திருப்தி. இந்த எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கிறது. ஹார்வர்டின் டெட் கேப்ட்சக் குழு 2006இல் கைவலிக்காரர்கள் 270 பேரிடம் போலி ஊசியையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டது. நாள்பட நாள்பட, வலி குறைந்ததாகப் போலி ஊசிக்காரர்களே அதிகம் சொன்னார்கள். ஆக, ஊசிக்கு எதிரே மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நம்பிக்கைகளைத்தான் ஒப்பிடுவீர்கள்.

அது செயலற்றதாக இருக்க வேண்டும். இதுதான் மிகக் கடினம். முடி உள்ள தோலில் மெல்லிய தொடுதலுக்கே விழித்துக்கொள்ளும் ஒருவகை நரம்பிழைகள் உண்டு. ஊசி உள்ளே போகாவிட்டாலும் தொட்டாலே மூளைக்குச் செய்தி போகிறது, அதனால் போலி ஊசியைச் செயலற்றது என்று சொல்லவே கூடாது என்று ஸ்வீடனின் லுண்டும் லுண்டெபெர்கும் 2006இல் வாதிட்டார்கள். அதோடு, உடம்பில் எங்கே சுருக்கென்று குத்தினாலும் வேறு இடத்து வலி சற்று மங்கும். இதைப் பிரான்சின் லெ பார்ஸ் குழு 1979இலேயே எலிகளில் காட்டியது. தப்பான இடத்தில் குத்துவதும் ஒரு சிகிச்சையாகிவிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

குத்துபவரின் முகம். எது நிஜம், எது போலி என்று அவருக்குத் தெரியும். அவர் பேச்சில், கையின் அழுத்தத்தில் அது தெரிந்துவிடும். கேப்ட்சக்கின் 2008 ஆய்வு இதில் எல்லோரும் படிக்க வேண்டியது. எரிச்சல் குடல் நோயாளிகள் 262 பேர், மூன்று குழுக்கள். காத்திருப்போர் பட்டியலில் 28 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். அதிகம் பேசாமல் போலி ஊசி மட்டும் வைத்த குழுவில் 44. அதே போலி ஊசி, ஆனால் பரிவாக உட்கார்ந்து பேசிய குழுவில் 62. நிஜ ஊசி யாருக்குமே குத்தவில்லை. பெங்களூரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. டாக்டருக்குத் தமிழ் தெரிந்து நோயாளியும் தமிழ் என்றால் ஊர் விசாரிப்பே பத்து நிமிடம் ஓடும். நோயாளி உருது பேசுபவர் என்றால் “இங்கே படுங்க” என்பதோடு முடியும். எந்த மொழியில் பேசினார்கள் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வேண்டும். மாணவர்கள் யாரும் கணக்கில் வைக்காத செலவு இது. ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு நாள்பட்ட வலி பற்றிய 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளியிட்டது. அக்குபஞ்சர் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் திட்டவிலக்கத்தில் (நோயாளிகளின் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவில்) சுமார் 0.5. போலி அக்குபஞ்சரோடு ஒப்பிட்டால் சுமார் 0.2. இதை நோயாளிகளின் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். வழக்கமான 80 சதவீத ஆற்றலுக்கு (வித்தியாசம் நிஜமாகவே இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), 0.5 வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் போதும். 0.2 வித்தியாசத்தைப் பிடிக்க 393 பேர் வேண்டும். குழுவுக்கு 30 பேர் என்று சினாப்சிஸில் எழுதுகிறீர்களே, அதில் 0.7க்கும் மேற்பட்ட வித்தியாசம்தான் கண்ணில் படும். போலி ஊசியோடு ஒப்பிட்டு 30 பேரில் “வித்தியாசம் இல்லை” என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது.

கடைசியாக ஒப்புதல் படிவம். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

## 1. தோலைத் துளைக்காத ஊசி

நாடக மேடையில் குத்தும் கத்தி கைப்பிடிக்குள் போய்விடும், பார்ப்பவருக்கு வயிற்றில் இறங்கிய மாதிரி இருக்கும். அதே தத்துவம்தான். ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் 1998இல் லான்செட் இதழில் இதை அறிமுகம் செய்தார். நுனி மழுங்கல். தோலில் பட்டதும் சுருக்கென்று ஒரு சின்ன உணர்வு, அழுத்தினால் ஊசியின் தண்டு கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும். சாய்ந்து விழாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம், அதன்மேல் பிளாஸ்திரி. நிஜ ஊசிக்கும் அதே வளையம், அதே பிளாஸ்திரி. அதைத் தொடர்ந்து ஜாங்பே பார்க் பிளாஸ்திரிக்குப் பதிலாகக் குழாயையும் இருபக்கமும் ஒட்டும் அடிப்பாகத்தையும் வைத்து இன்னொரு வடிவம் செய்தார். ஜப்பானின் தகாகுராவும் யாஜிமாவும் 2007இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒளி புகாத குழாய்க்குள் அடைப்புப் பொருள் வைத்து, போலி ஊசியிலும் திசுவுக்குள் இறங்கும் தடை கையில் தெரிகிற மாதிரி செய்தார்கள். குத்துபவரையும் மறைக்கப் பார்த்த வடிவம் அது.

ஸ்ட்ரைட்பெர்கரின் எண்களைப் பாருங்கள். தன்னார்வலர்கள் 60 பேருக்கு இரண்டு ஊசியும் மாற்றி மாற்றி வைத்தார்கள். நிஜ ஊசி குத்தியதை உணர்ந்தவர்கள் 54 பேர், போலி ஊசி குத்தியதாக உணர்ந்தவர்கள் 47 பேர். ஊசி உள்ளே போகவில்லையோ என்று ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் நானும் நிம்மதியாக இருந்தேன். அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. சீனர்கள் தெ-சி என்று சொல்லும் அந்த மந்தமான வலி, நம் அம்மாக்கள் ‘விண்ணுனு’, ‘மதமதனு’ என்று சொன்ன உணர்வு, நிஜ ஊசியில் 34 பேருக்கு வந்தது, போலியில் 13 பேருக்குத்தான். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசினால் அது வெளியே வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் பல. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வருவதற்குள் வார்டு போஸ்டிங் முடிந்துவிடும். தலையில் முடியுள்ள இடத்தில் வளையம் ஒட்டாது, விரல் நுனியில் நிற்காது. எங்கள் ஆய்வில் நடந்தது இது: ராத்திரி முழங்காலில் தைலம் தேய்த்துப் படுத்த அம்மா காலையில் வந்தார். ஸ்பிரிட் போட்டு இரண்டு முறை துடைத்தும் பிளாஸ்திரியின் ஓரம் மெதுவாக எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி மெல்லச் சாய்ந்து படுக்கையில் விழுந்தது. அவர் அதை எடுத்து நுனியை விரலால் தடவிப் பார்த்தார். “இது மொட்டையா இருக்கே” என்றார். அதற்கப்புறம் முந்தின நாள் எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதை வழக்கமாக்கினோம். எடுக்கும்போது சொட்டு ரத்தம் வராததும் காட்டிக்கொடுக்கும். இரு குழுவுக்கும் ஊசியை எடுத்த கையோடு பஞ்சை வைத்து ஒரே அளவு நேரம் அழுத்திப் பிடித்துவிட வேண்டும். நோயாளி பார்க்கும் முன் பஞ்சு குப்பைக்குப் போய்விட வேண்டும்.

இது சரியாக வருவது எப்போது என்றால், “ஊசி தோலுக்குள் போவதில் பலன் இருக்கிறதா?” என்பது உங்கள் கேள்வியாக இருந்து, நோயாளிகள் முன்பு அக்குபஞ்சர் செய்துகொள்ளாதவர்களாக இருந்து, கை கால் முதுகுப் புள்ளிகளோடு நிற்கும்போது. அந்த நிலையில் என் முதல் தேர்வு இதுதான்.

## 2. மேலோட்டமாக, புள்ளி தவறி நிஜ ஊசி

சாதாரண ஊசியையே எடுத்து, புள்ளி இல்லாத இடத்தில், லேசாக மட்டும் குத்தி, திருகாமல் விட்டுவிடுவது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ரத்தம் வரும், சுருக்கென்று இருக்கும், நோயாளி நம்புவார். நம்பகத்தன்மையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் இது தரும் விடையை யாரும் யார் பக்கமும் இழுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் பெரிய ஆய்வுத் தொடரில், 2007இல் வெளியான முதுகுவலி ஆய்வு ஒன்றில் 1,162 பேர். நிஜக் குழுவில் ஊசி 5 முதல் 40 மில்லிமீட்டர் ஆழம், போலிக் குழுவில் 1 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு மாதம் கழித்து முன்னேறியவர்கள் நிஜத்தில் 47.6 சதவீதம், போலியில் 44.2, மருந்தும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4. கிளவுஸ் லிண்டே குழுவின் 2005 ஒற்றைத் தலைவலி ஆய்விலும் 302 பேரில் இதே வடிவம்தான்: நிஜத்தில் 51 சதவீதம், போலியில் 53, காத்திருந்தவர்களில் 15. எங்கே குத்தினாலும் ஒன்றுதான், அதனால் புள்ளிக் கோட்பாடு பொய் என்று ஒரு தரப்பு சொன்னது. இரண்டுமே வேலை செய்யும் சிகிச்சைகள், நீங்கள் போலி என்று வைத்ததே போலி இல்லை என்று இன்னொரு தரப்பு சொன்னது. இரண்டு வாதமும் அதே எண்களிலிருந்து பிறக்கிறது. ஜெர்மன் அரசுக் காப்பீடு 2007 முதல் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் அக்குபஞ்சருக்குப் பணம் தருகிறது. வழக்கமான சிகிச்சையை விட மேல் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஹியூ மெக்ஃபர்சன் குழு 2014இல் ஆய்வுகளைப் போலியின் வகைப்படி பிரித்துப் பார்த்தபோது, குத்தும் போலிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அக்குபஞ்சரின் மேல்கை சிறியதாகவும், குத்தாத போலிகளோடு ஒப்பிட்டவற்றில் பெரியதாகவும் வந்தது. அதனால் இந்தக் கண்ட்ரோலை எடுத்தால் உங்கள் மாதிரி அளவு, அதாவது நோயாளிகளின் எண்ணிக்கை, இன்னும் ஏற வேண்டும். “இந்தப் புள்ளி முக்கியமா, பக்கத்தில் குத்தினாலும் ஒன்றா?” என்பதே உங்கள் கேள்வி என்றால் மட்டும் எடுங்கள். அப்போதும் ஆழத்தையும் இடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றிவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

## 3. குழாயும் பல்குச்சியும்

இதைக் கேட்டதும் மாணவர்கள் முகத்தில் அவநம்பிக்கை வரும். டேனியல் செர்கின் குழு அமெரிக்காவில் நடத்தி 2009இல் வெளியிட்ட முதுகுவலி ஆய்வில், முன்பு அக்குபஞ்சர் செய்துகொள்ளாத 638 பேர் இருந்தார்கள். போலிக் குழுவுக்கு ஊசிக்குழாயைத் தோலில் வைத்து, உள்ளே பல்குச்சியை விட்டுத் தட்டி, லேசாகத் திருகினார்கள். முதுகுவலிக்காரர் குப்புறப் படுத்திருப்பார், பார்க்க முடியாது. முதுகில் தோலின் உணர்வும் கூர்மை இல்லை. எட்டு வாரத்தில் முடக்க மதிப்பெண் நிஜ ஊசி பெற்ற இரண்டு குழுக்களில் 4.4, 4.5, பல்குச்சிக் குழுவில் 4.4, வழக்கமான சிகிச்சையில் 2.1 குறைந்தது.

செலவு கிட்டத்தட்ட இல்லை. சிவாஜிநகர் மளிகைக் கடையிலேயே பல்குச்சி கிடைக்கும். முதுகு, கழுத்தின் பின்புறம் தவிர வேறு எங்கும் எடுபடாது என்பதுதான் குறை. முழங்காலிலோ கையிலோ நோயாளி குனிந்து பார்த்துவிடுவார். குச்சி தோலில் நிற்காது என்பதால், ஊசி இருபது நிமிடம் அங்கேயே இருப்பதுபோல் காட்ட நடுவில் ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை மறுபடி தொட்டு நடிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். கையில் காசில்லாத முதுகுவலி ஆய்வுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

## 4. கரண்ட் வராத மெஷின்

வலிக்குத் தோல் வழியாக மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவியின் விளக்கு எரியும், பீப் சத்தம் வரும், கம்பியில் மட்டும் மின்சாரம் வராது. மின்சாதனக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கொடுத்தால் கம்பியை உள்ளே துண்டித்துத் தருவார்கள். லேசரை அணைத்து வைப்பதும் இதே வகை. தோலுக்குள் மின்சாரமோ ஒளியோ போவதில்லை என்பதால் செயலற்றது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே பிசியோதெரபிக்குப் போனவர் என்றால் “கரண்டே வரலையே” என்று முதல் நாளே கேட்பார். அதோடு ஊசியின் மேல் இருக்கும் நம்பிக்கையும் மெஷினின் மேல் இருக்கும் நம்பிக்கையும் சமமில்லை. லேசர் அக்குபஞ்சரையே சோதிக்கிறீர்கள் என்றால் அணைத்த லேசர் அருமையான கண்ட்ரோல். வெளியில் இருக்கும் ஒருவர் சாவியை மாற்றி வைத்தால் சிகிச்சை தருபவருக்கும் தெரியாது. ஊசியைச் சோதிக்கிறீர்கள் என்றால் வேண்டாம்.

## 5. போலியே இல்லாமல்

காத்திருப்போர் பட்டியல், அல்லது வழக்கமான சிகிச்சையோடு ஒப்பீடு. “இது உண்மையான ஆய்வே இல்லை” என்று கைடு சொல்லிவிடுவாரோ என்று பயந்து மாணவர்கள் இதை ஒதுக்குகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. முப்பது நாற்பது பேரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, பாதியில் உடைந்துபோகும் போலியை விட நேர்மையான இந்த ஒப்பீடு எவ்வளவோ மேல். “எங்கள் வலி மருத்துவப் பிரிவில் வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரைச் சேர்த்தால் நோயாளிக்கு நல்லதா?” என்பது மருத்துவமனைக்கு நேரடியாகப் பயன்படும் கேள்வி. ஊசியால் நல்லதா, கவனிப்பால் நல்லதா என்று மட்டும் இது சொல்லாது. அதைச் சொல்வதாக முடிவுரையில் எழுதாமல் இருந்தால் போதும்.

நடைமுறைத் தொல்லை, காத்திருப்பவர்கள் சும்மா காத்திருக்க மாட்டார்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றால் தெருமுனை மெடிக்கலில் வலி மாத்திரை வாங்குவார்கள், ஊருக்குப் போய் எண்ணெய்க் கட்டு போட்டு வருவார்கள். அதையெல்லாம் வாராவாரம் போன் செய்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தப் போன் அழைப்பையும் ஒரு பரிவாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், நிஜக் குழுவுக்கும் அதே அழைப்பு போக வேண்டும்.

வசதி இருந்தால் மூன்று குழு வையுங்கள்: நிஜம், போலி, காத்திருப்பு. மத்தியாஸ் மேட்சன் குழு 2009இல் அப்படிப்பட்ட 13 வலி ஆய்வுகளை, மொத்தம் 3,025 பேரை ஆராய்ந்தது. போலிக்கும் நிஜத்துக்கும் இடையே 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். போலிக்கும் ஒன்றும் செய்யாததற்கும் இடையே அதைவிடப் பெரிய இடைவெளி. இரண்டு குழு மட்டும் வைத்திருந்தால் அந்த இரண்டாவது இடைவெளி கண்ணுக்கே தெரிந்திருக்காது.

## ஒரே பார்வையில்

| கண்ட்ரோல் | நோயாளி நம்புவாரா | செயலற்றதா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| துளைக்காத ஊசி | நம்புவார், தெ-சி உணர்வில் சந்தேகம் வரலாம் | தொடுதல் மிச்சம் இருக்கிறது | இறக்குமதி, ஒட்டாத தோல், பயிற்சி |
| மேலோட்டமான ஊசி | நன்றாக நம்புவார் | இல்லை | மிகப் பெரிய மாதிரி அளவு |
| பல்குச்சி | முதுகில் மட்டும் | தொடுதல் மிச்சம் இருக்கிறது | நடிப்புப் பயிற்சி |
| கரண்ட் வராத மெஷின் | புதியவர் மட்டும் | ஆம் | எதிர்பார்ப்பு சமமில்லை |
| போலி இல்லை | பொருந்தாது | பொருந்தாது | இடையில் வேறு சிகிச்சை, விலகுபவர்கள் |

## தொடு அக்குபஞ்சர் என்றால்?

மூவரில் ஒரு மாணவி கேட்டது இது, என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பும் முறை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் ஹீலரிடம் போய் வந்தவர்கள் உண்டு. அவர்கள் உங்கள் ஆய்வுக்குள் வந்தால் துளைக்காத ஊசி அவர்கள் கணக்கில் முழுச் சிகிச்சை, போலி இல்லை. சேர்க்கும்போதே “முன்பு ஊசி அக்குபஞ்சரோ தொடு சிகிச்சையோ எடுத்திருக்கிறீர்களா?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் “அக்குபஞ்சரா, ஊசியெல்லாம் போட்டதில்ல” என்பார்கள்.

தொடு முறையையே சோதிப்பதென்றால் நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தொடுவதற்குத் திறமை தேவையில்லை என்பதால் சிகிச்சை தருபவரையும் மறைக்கலாம். ஹீலர் நாடி பார்த்துப் புள்ளியை முடிவு செய்து ஒரு சீட்டில் எழுதட்டும். வேறொருவர் குலுக்கல்படி அந்த இடத்தையோ புள்ளி இல்லாத இடத்தையோ தோலில் குறிக்கட்டும். அக்குபஞ்சர் ஒன்றும் தெரியாத நர்ஸ் ஒருவர் குறித்த இடத்தைத் தொடட்டும். ஹீலர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: தொடுபவரின் எண்ணமும் முக்கியம் என்று. சரி, அப்படியென்றால் அவர்கள் வேலை செய்வதாக நினைக்கும் பொருள் எண்ணம். முதல் வரியை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும், ஹீலரே தொட வேண்டும், அப்போது கண்ட்ரோலும் மாறும். அவர்கள் மறுப்பை மதித்து ஆய்வு தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. முடிவு வந்த பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

நம்பினார்களா என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள். முதல் அல்லது இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு, “உங்களுக்கு எது நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நிஜம், போலி, தெரியவில்லை.” கடைசி நாளில் மட்டும் கேட்டால் வலி குறைந்தவர் எல்லாம் நிஜம் என்பார், குறையாதவர் போலி என்பார். அது பலனைப் பற்றிய பதில், பிளைண்டிங்கைப் பற்றியது இல்லை. 2004இல் பேங் என்பவரின் பெயரில் வந்த குறியீடு எளிமையானது. ஒரு குழுவில் 50 பேர், 30 பேர் சரியாகச் சொன்னார்கள், 10 பேர் தவறாக, 10 பேர் தெரியவில்லை என்றால், 30இலிருந்து 10ஐக் கழித்து 50ஆல் வகுத்தால் 0.4. பூஜ்யத்தின் பக்கம் இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகப் போடுங்கள். சிகிச்சையின் மேல் நம்பிக்கையை அளக்க போர்கோவெக், நாவ் இருவரும் 1972இல் வகுத்த சிறிய கேள்விப் பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது அக்குபஞ்சர் ஆய்வுகளுக்கான ஸ்ட்ரிக்டா பட்டியலின் 2010 பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலை விவரிக்க அதில் தனி இடமே உண்டு. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்னால் பதிவு செய்ய வழியில்லை.

அப்புறம் ஒப்புதல் படிவம். ஒரு மாணவர் தமிழ்ப் படிவத்தில் ‘போலி ஊசி’ என்று எழுதிக் கொண்டுவந்தார். போலி டாக்டர் கைது என்று பேப்பரில் படிக்கும் ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போட்டவரும் பயந்துகொண்டே படுப்பார். அதற்காக மறைக்கவும் கூடாது. லிண்டே குழு, இரண்டு வகை அக்குபஞ்சரை ஒப்பிடுகிறோம், ஒன்று சீன மரபுப்படி இல்லாதது, ஆனால் அதிலும் பலன் கண்டிருக்கிறார்கள் என்று நோயாளிகளிடம் சொன்னது. குத்தும் போலிக்கு அது பொருந்தும். துளைக்காத ஊசிக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: “ஒரு குழுவினருக்கு ஊசி தோலுக்குள் செல்லும். இன்னொரு குழுவினருக்கு ஊசி தோலைத் தொடும், உள்ளே செல்லாது. உங்களுக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். ஆய்வு முடிந்ததும் சொல்வோம். விருப்பமிருந்தால் அப்போது மற்றதையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.” எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் இது புரிகிறது.

மூவரில் முதுகுவலி மாணவர் பல்குச்சியை எடுத்துக்கொண்டார். இரண்டாவது பையனிடம் 40 நோயாளிகளுக்கு மேல் வர வழியில்லை, அதனால் பெரிய வித்தியாசம்தான் தெரியும் என்பதை எழுதி வைத்துக்கொண்டே வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகிறார். தொடு அக்குபஞ்சர் மாணவி இன்னும் ஹீலர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரின் அட்டவணையிலும் நான் கையால் ஒரு திருத்தம் போட்டேன்: ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே நாற்பது நிமிடம், இரண்டு குழுவுக்கும் வேறு வேறு நாள், அறைக்கு வெளியே பெஞ்ச் வேண்டாம்.